பொதுமக்களுக்கான நாற்காலி

பூவராகனுக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குரு கோமதி அம்மைக்கு நாற்பதுகூட நிறையவில்லை. ஞானத்துக்கு வயதுச் சான்றிதழா கேட்பார்கள்? அமெரிக்கத் தலைநகரை ஒட்டிய ஒரு சிற்றூரில் அம்மை தியான வீடு ஒன்று நடத்தி வந்தார். பூவராகன் மாதம் ஒருமுறை காரை ஓட்டிக்கொண்டு வந்து, அவர் எதிரில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார்.

இந்த முறை உட்கார முடியவில்லை. மனசு அடங்கினால்தானே!

அதே நாட்டில் அவர் குடியிருக்கும் ஊரின் ஆற்றங்கரையில் ஒரு ரசாயன ஆலை. அதன் கழிவு கிணற்றுத் தண்ணீரில் இறங்கி, அவர் மனைவி வசுந்தராவின் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. ஆலைக்காரர்கள் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து தர வேண்டுமா, வேண்டாமா? மறுநாள் காலை நாடாளுமன்றக் குழு ஒன்று அதைத்தான் விசாரிக்கப்போகிறது.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“இந்த நாட்டு அரசாங்கம் ஜனங்களுக்கா, பணக்காரங்களுக்கா?”

அம்மை ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது.

“நாளைக்கு ஜனங்களை உள்ள விடுவாங்களா?”

“வரிசையில நின்னா யார் வேணும்னாலும் போகலாம். பேச விடமாட்டாங்க. முன்னால உக்காந்து வசுந்தரா போட்டோவை மடியில வெச்சுக்கப்போறேன். அவங்க கண்ணுல படும் இல்லையா? பட்டா போதும்மா.”

“அப்ப நில்லுங்க. நானும் வரேன்.”

பொழுது புலர்வதற்குள் கட்டடத்து வாசலில் வரிசை நீண்டு நின்றது. கிழிந்த கோட்டு, பழைய கம்பளி, பிளாஸ்டிக் பை சுற்றிய காலணி. அத்தனையும் ஏழை எளியதுகள். பூவராகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பார்த்தீங்களாம்மா? எங்க தண்ணிக்காக எத்தனை பேர்! கேட்டதுக்கு பதில் கிடைச்சாச்சு.”

அம்மை வரிசையில் சேரவில்லை. தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த பெஞ்சில் பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பூவராகன் வரிசையில் சேர்ந்தார். நம் ஆளுக்கு வாய் சும்மா இருக்குமா? முன்னால் பச்சைத் தொப்பி போட்டு நின்ற பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தார்.

“உங்க ஊர்லயும் தண்ணி கெட்டுப்போச்சாம்மா?”

“என்ன தண்ணி?”

“இன்னிக்கு விசாரணை அதைப் பத்தித்தானே?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். நான் நிக்கிறேன்.”

அதற்குள் பின்னால் வந்து நின்றிருந்த தாடிக்காரரைக் கேட்டார்.

“நான் நிக்கிறேன்,” என்றார் அவரும்.

இரண்டு குரலும் ஒரே குரல் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு பூவராகன் யாரையும் கேட்கவில்லை. வரிசையில் பேச்சுமூச்சு இல்லை. யாரும் கதவைப் பார்க்கவில்லை. பனி எல்லார் தலையிலும் விழுந்தது, ஒருவரும் தட்டிவிடவில்லை. காலடியில் மட்டும் பனி உருகி, ஒவ்வொருவருக்கும் கீழே இரண்டு கறுப்புத் தடங்கள் தெரிந்தன.

கதவு திறப்பதற்குச் சற்று முன்பு கார்கள் வந்தன. நல்ல கோட்டு அணிந்த ஆண்களும் பெண்களும் இறங்கினார்கள், சிலர் கையில் ஆலையின் பெயர் போட்ட கோப்பு. ஒவ்வொருவரும் நேராக ஒருவரிடம் போனார்கள். வணக்கம் இல்லை, வார்த்தை இல்லை. பச்சைத் தொப்பிக்காரி விலகினாள். அவள் நின்ற அதே கறுப்புத் தடத்தில் வேறொருத்தி காலை வைத்தாள். வரிசை கலையவில்லை, ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆட்கள் மட்டும் மாறிக்கொண்டே வந்தார்கள். சட்டை மாற்றுவதைப் போல என்று சொல்லலாம்தான், ஆனால் சட்டையை மாற்றினால் உள்ளே இருக்கும் ஆள் அதே ஆள்தானே.

பூவராகன் எட்டிப் பார்த்தார். முன்னால் இருந்தவர்களில் வந்தபோது பார்த்த முகம் ஒன்றுகூட இல்லை.

அப்போது அவர் தோளில் ஒரு கை விழுந்தது. மெதுவான, மரியாதையான கை.

“ரொம்ப நன்றி,” என்றது ஒரு குரல். அவர் உள்ளங்கையில் எதையோ வைத்து விரல்களையும் மூடிவிட்டது.

முன்னால் எல்லாரும் விலகியிருந்தார்கள், பின்னாலும் விலகினார்கள். பூவராகனின் காலும் விலகியது. யாரும் அவரைத் தள்ளவில்லை. சத்தியமாக ஒருவரும் தள்ளவில்லை.

நடுத்தெருவுக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. திரும்பினார். அவருடைய தடத்தில் பளபளவென்று இரண்டு காலணிகள் நின்றன. கதவு திறந்தது. அந்தக் காலணிகள் உள்ளே போயின. பூவராகன் வழுக்கி விழுந்து, எழுந்து ஓடினார்.

“அது என் இடம்! நான் அந்த ஊர்க்காரன் ஐயா! என் வீட்டுக்காரி சாகக் கிடக்கறா!”

காவலாளி நல்ல மனிதர். குரலைக்கூட உயர்த்தவில்லை.

“மன்னிக்கணும் சார். பொதுமக்களுக்கான நாற்காலி எல்லாம் நிரம்பிடுச்சு.”

கதவு சாத்திக்கொண்டது. பூவராகன் சுற்றுமுற்றும் பார்த்தார். பச்சைத் தொப்பியைக் காணோம், தாடிக்காரரையும் காணோம். இவ்வளவு நேரம் நின்ற கூட்டம் எந்தப் பக்கம் போனது என்பதற்குப் பனியில் ஓர் அடையாளமும் இல்லை. தெருவில் அவரும் அம்மையும் மட்டும்தான் இருந்தார்கள்.

அவர் பெஞ்சில் வந்து விழுந்தார். வசுந்தராவிடம் போய் எந்த முகத்தோடு நிற்பது?

“நான் ஏம்மா விலகினேன்?”

அம்மை அவருடைய மூடிய கையைத் தொட்டார்.

“திறங்க.”

திறந்தார். மடித்த நோட்டுகள் இருந்தன, இடம் பிடித்து நின்றதற்குக் கூலி.

“யார் குடுத்தது?”

“தெரியலையேம்மா. முகத்தைக்கூடப் பார்க்கல. கையில வெச்சாங்க, காலு தானா நகர்ந்துடுச்சு.”

அம்மை எதிரே இருந்த அந்தப் பெரிய கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“உள்ள முடிவு சொல்ல உக்காந்திருக்காங்களே, அவங்களைக் கேட்டுப் பாருங்க. இதையேதான் சொல்லுவாங்க.”