வேட்டியில் கட்டிய பேய்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு மன்னருக்குச் சூரியன் மறைவதைப் படுத்துக்கொண்டே பார்க்க ஆசை வந்தது. அமைச்சர் விருபாட்சர் மேற்குச் சுவர் முழுக்கச் சன்னல் வைத்துப் புது மாளிகை கட்டிக் கொடுத்தார்.

குடிபுகுந்த நாளிலிருந்து நிம்மதி போயிற்று. பொழுது சாயும் நேரத்தில் சுவருக்குள்ளிருந்து யாரோ விரல் மடக்கித் தட்டினார்கள். கூரை மரத்து உத்தரம் முனகியது. மன்னர் கண்ணயர்ந்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் மூச்சு முட்டியது. காவலன் ஒருவன் மயங்கி விழுந்தான், உடம்பு கொதித்தது.

"பேய், மன்னா. மேற்குச் சுவரோரம் ஓர் ஆளை உயிரோடு புதைத்தால்தான் அடங்கும்" என்ற அமைச்சரின் பார்வை, அரசவை விகடன் ஆவுடைநம்பி மேல் போய் நின்றது. மன்னர் நம்பியின் பேச்சுக்குச் சிரிப்பதில் அமைச்சருக்குப் பல நாள் வயிற்றெரிச்சல்.

மன்னர் பயந்துபோயிருந்தார். பயந்த மன்னரைவிட மோசமான பேய் உண்டா என்ன? "நம்பி, நாளைப் பொழுது சாய்வதற்குள் அந்தப் பேயைக் கட்டிக் காட்டும். இல்லையேல் குழி உமக்குத்தான்" என்றார்.

அன்றே குழி வெட்டினார்கள். நம்பி எட்டிப் பார்த்தான். தன் உயரத்துக்குச் சரியாக இருந்தது. நேரே மாளிகைக்குள் போய்ச் சுவரில் கை வைத்தான், சுட்டது. வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, கொத்தனாரைக் கூப்பிட்டான்.

மறுநாள் கூரை உச்சியில் ஒரு துளை போட்டார்கள். வடக்கே, நிழல் விழும் கிணற்றடிப் பக்கம், தரையோரம் இன்னொரு துளை. மேல்துளையின்மேல் நம்பி தன் மாற்று வேட்டியை விரித்து, நான்கு முனையிலும் கல் கட்டினான்.

வெயில் சாய்ந்தது. எல்லோரும் மாடியில் கூடினார்கள். இலைகூட அசையவில்லை. ஆனால் வேட்டி அசைந்தது. மெல்ல எழும்பி, உப்பி, மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. மன்னர் தொட்டுப் பார்த்தார். ஆள் உடம்பின் சூடு.

"கட்டிவிட்டேன், மன்னா" என்றான் நம்பி.

அமைச்சர் சீறினார். "இதுவா பேய்? சன்னல் வழியாக ஏறிய வெயிலில் உள்ளே சூடு அடைபடும். சுவர் வெடிக்கும், மரம் முனகும். கீழ்த்துளையில் குளிர்காற்று நுழைய, அந்தச் சூட்டுக்காற்று மேலே வருகிறது. மனை கட்டத் தெரிந்த எவனுக்கும் இது தெரியும்!"

"தெரிந்துதான் எனக்குக் குழி வெட்டச் சொன்னீர்களா, அமைச்சரே?"

வேட்டி இன்னொரு முறை மூச்சு விட்டது. பிறகு மன்னர் சிரித்தார். அந்தச் சிரிப்பு துளைக்குள் இறங்கி, சற்றுத் தாமதமாக வேறு யாரோ சிரிப்பதுபோல் திரும்பி வந்தது. கழுத்து மாலையைக் கழற்றி நம்பிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும்?"

"என் குழியை எனக்கே கொடுங்கள், மன்னா. அதில் ஒரு புங்கமரம் வைத்தால் மேற்கு வெயில் சன்னலுக்கு வராது, சூரியன் மறைவதை இலை இடுக்கில் பார்க்கலாம்."

நடும் வேலை விருபாட்சருக்கு என்றார் மன்னர். கன்றோடு குழிக்குள் இறங்கியபோதுதான் அமைச்சர் கவனித்தார், அது தன் உயரத்துக்கும் சரியாகவே இருந்தது. மேலே மன்னர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.