தண்ணி ஊத்திப் பாத்த படம்

"யாரப் பாத்து நகல்ங்கிறீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க பாப்போம்! நான் அவன மாதிரி போட்டேனா? அவன்தான் ஐயா என்னை மாதிரி போட்டான்! உங்களுக்கு எதையும் பெருசாக்கத்தான் தெரியுமா, எது முன்ன வந்துச்சு, எது பின்ன வந்துச்சுன்னு பாக்கத் தெரியாதா?"

மண்டபமே அதிர்ற மாதிரி கத்திக்கிட்டிருந்தா வாட்டர்கலர். எதுத்தாப்ல நின்னது நடுவர் பூதக்கண்ணாடி.

பொருளுங்க எல்லாம் நம்மள மாதிரியே சண்டை போட்டுக்கிட்டுத் திரிஞ்ச ஒரு ஊர்ல நடந்தது இது. அங்க ஒரு ஓவியப் போட்டி. கடைசிச் சுத்துக்கு ரெண்டு படம் வந்துச்சு. ரெண்டுலயும் மீன்பிடித் துறைமுகம், படகுல ஒரு மீன்காரர், விடியக்காலை. ஒண்ணு வாட்டர்கலரும் அவ தங்கச்சி தாளும் சேந்து போட்டது. இன்னொண்ணு ஏஐ தம்பி போட்டது. ரெண்டு வரி சொன்னாப் போதும் அவனுக்கு. எந்தச் சாயம் மாதிரி வேணுமோ அந்தச் சாயம் மாதிரி படம் பிரிண்டாகி வந்துரும். ரெண்டுல எது மெஷின் போட்டதோ அது குப்பைக்குப் போகணும், இதான் விதி.

பூதக்கண்ணாடி உத்து உத்துப் பாத்துட்டு, இதான் மெஷின் போட்டதுன்னு அக்கா தங்கச்சி படத்துமேல கை வெச்சுட்டாரு.

"கறையா? ஆமா, கறைதான்! ஈரம் காயறதுக்குள்ள ஒரு சொட்டு தவறி விழுந்தா அப்படித்தான் பூ மாதிரி விரியும். போயும் போயும் மீன்காரர் கன்னத்துல விழுந்துச்சு, நான் என்ன பண்ண? அவன் படத்தப் பாருங்க. கறையெல்லாம் மூலையில அடக்க ஒடுக்கமா உக்காந்திருக்கு. என் கறை என்னிக்கு ஐயா சொன்ன பேச்சு கேட்டுச்சு?"

"விடாதடி!" பின்னாலேர்ந்து கரிக்குச்சி அக்கா குரல் குடுத்தா. "என்னை மாதிரி போடுறப்போ கட்டவிரல்ல தேச்ச தடத்தக்கூடப் போடுறான். விரலே இல்லாத பய!"

"எனக்கு வெடிப்பு விழறதுக்கு ஒரு ஆயுசு ஆச்சு," ஆயில்கலர் மாமா முனகினாரு. "அவன் பொறக்கும்போதே வெடிப்போட பொறக்குறான்."

வாட்டர்கலர் திரும்பினா. "டேய், நீயாவது சொல்லேன்டா, எது உன் படம்னு!"

"எது நான் போட்டதுன்னு எனக்கு ஞாபகம் இருக்காதுக்கா," ஏஐ தம்பி சொன்னான். "கத்துக்குடுக்கும்போது எனக்குக் காஞ்ச படமாத்தான் காட்டினாங்க. ஆமா, தண்ணின்னா எப்படிக்கா இருக்கும்?"

திட்டணும்னு வாய் வரைக்கும் வந்தது அப்படியே நின்னுபோச்சு அவளுக்கு. "சில்லுன்னு இருக்கும்டா," அப்படின்னு மட்டும் சொன்னா.

அதுக்குள்ள பூதக்கண்ணாடி என்னமோ உத்தரவு போட்டாரு.

"என்னது? படத்துமேல தண்ணி ஊத்தணுமா? நெசமான வாட்டர்கலர்னா கரையும், சரி. அதுக்கு ஓரமா ஒரு சொட்டு பத்தாதா? ஓரத்துல மட்டும் நெசச் சாயத்தத் தடவி ஏமாத்துவேன்ங்கிறீங்களா? ஐயா, நீங்க மனுசனா... சரி, மனுசன் இல்லதான்!"

தங்கச்சி தாள் மெல்லச் சொன்னா: "ஊத்தட்டும்க்கா. பொய்யின்னு பேர் வாங்கிக் குப்பையில கெடக்கணுமா நான்?"

"வாய மூடு. கொக்கு போயிரும்டி."

படகு விளிம்புல ஒரு வெள்ளைக் கொக்கு நின்னுச்சு. அத யாரும் வரையல. வாட்டர்கலர் வெள்ளை பூசமாட்டா. மொத சொட்டு விழறதுக்கு முன்னாடியே, எந்த எடத்தத் தொடக்கூடாதுன்னு ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கணும். கடைசி வரைக்கும் அங்க கை படாமக் காப்பாத்தணும். அந்தக் கொக்கு முழுக்க முழுக்கத் தாளோட ஒடம்பு.

ஊத்தினாங்க.

கடல் படகுக்குள்ள ஏறுச்சு. படகு மீன்காரர் மேல வழிஞ்சுச்சு. கறை விழுந்த கன்னம், கறையோட சேந்து கரைஞ்சுது. எல்லாம் போய் கடைசியா நீலம் அந்தக் கொக்குக்குள்ள நொழஞ்சுது.

தாள் நனைஞ்சு சுருண்டா. "அக்கா, எனக்குத் தெரியல. கொக்கு இருக்கா?"

"இருக்குடி," வாட்டர்கலர் பொய் சொன்னா. "அப்படியே நிக்குது."

அதுக்கப்புறம் தாள் பேசல.

பூதக்கண்ணாடி குனிஞ்சு பாத்தாரு. அசல்தான்னு தலையாட்டினாரு. கூட்டம் கை தட்டுச்சு. ஆனா ஆணியில மாட்ட படம் இல்ல. சுவரு வெறிச்சோடிக் கெடக்கக்கூடாதுன்னு, ஏஐ தம்பி படத்தக் கழட்டி நடுவுல மாட்டினாங்க.

"கை தட்டாதீங்க!" வாட்டர்கலர் பூதக்கண்ணாடிய வழி மறிச்சா. "ஐயா, எங்க நழுவுறீங்க? நில்லுங்க. ரெண்டு படம் இருந்துச்சு. ஒரே ஒரு சொட்டு அவன் படத்துமேல விட்டிருந்தா, கரையலேன்னு தெரிஞ்சிருக்கும். அவனுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது, என் தங்கச்சியும் இருந்திருப்பா. அத விட்டுட்டு எதுக்கு இவமேல ஊத்தினீங்க? காதுல வந்து சொல்லாதீங்க. இத்தனை பேர் இருக்காங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க!"