கெண்டைக்கால் கோடு

ஒரே ஒரு மலை, அதில் ஏற ஒரே ஒரு பாதை, அந்தப் பாதை முடிகிற இடத்தில் ஒரு வைத்தியசாலை இருந்ததாம். வைத்தியம் பார்த்தவள் பெயர் வடிவாள். அவளிடம் பாடம் கேட்ட சேந்தனுக்கு அவளைவிடப் பத்து வயது கூட. முன்பு மாட்டுத் தரகர். சுழியை ஒரு பார்வை பார்த்தாலே மாட்டின் குணம் சொல்லிவிடுவார்.

ஒரு நாள் காலை, காத்தாயி என்கிறவள் தன் மருமகளைத் தள்ளாத குறையாக முன்னால் விட்டுக்கொண்டு வந்தாள். மருமகள் பொன்னரியின் இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் வயிறு முழுக்கப் பழுப்புக் கோடுகள், வெள்ளம் வடிந்த மணலில் கிடக்கிற தடம்போல் வளைந்து வளைந்து.

"பொறந்தப்போ கொப்புளம். அது உதிர்ந்து இப்போ இந்தக் கோலம்," என்றாள் காத்தாயி. "கிரகணத்தன்னிக்கு வெளியே போகாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே மகாராணி! இதுக்கு முன்னாடி ரெண்டு, வயித்துலயே போச்சு. கிரகண தோஷந்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இவளை இப்படியே இவ அம்மா வீட்டுல விட்டுட்டுப் போயிடறேன்."

பொன்னரி குழந்தையை இடுப்பில் இன்னும் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

சேந்தன் குனிந்தார். பொன்னரியின் கெண்டைக்காலில் வெளிறிய கோடுகள். அதே வளைவு. அவருக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

"கிரகணமும் இல்லை, ஒண்ணும் இல்லை," என்றார் காத்தாயியிடம். "தாய்வழி வந்தது. இந்தக் காலைப் பாருங்க."

"அப்போ இவளாலதான்! நான் சொல்லலே?"

பொன்னரி சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

வடிவாள் வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"உனக்கு எப்போலேர்ந்து இருக்கு, தாயி?"

"கைக்குழந்தையிலேயே. கறுப்பா இருந்துச்சாம். அப்புறம் வெளுத்துப்போச்சு. எங்கம்மாவுக்கும் இருக்கு."

"பல்லு, கண்ணு?"

"பல்லு ரெண்டு முளைக்கவே இல்லை. கண்ணு நல்லாத் தெரியுது."

"இவளுக்கும் கோடு மங்கிடும். கண்ணை மட்டும் நான் பார்த்துக்கிட்டே இருக்கணும். மாசம் ஒரு தரம் தூக்கிட்டு வா. போன ரெண்டும் நீ செஞ்ச தப்பால போகலை."

பொன்னரி குழந்தையின் வயிற்றுக் கோடு ஒன்றை விரலால் தடவினாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள்.

"நானும் இப்படித்தான் பொறந்தேன், அத்தை. எங்கம்மா என்னை எங்கேயும் விட்டுட்டு வரலை."

காத்தாயி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. "விடுடி கழுதை," என்றபடி வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வெயில் ஏறுது. நட வீட்டுக்கு."

அவர்கள் இறங்கிப் போனதும் சேந்தன் கேட்டார்.

"நான் கண்டுபிடிச்சது சரிதானே, வைத்தியரம்மா?"

"ரொம்பச் சரி. என் கண்ணுக்கே முதல்ல படலை."

"பின்னே ஏன் அந்தப் பொண்ணு போகும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை?"

"கால் அவளோடது. நீர் யார்கிட்டே சொன்னீர்?"

சேந்தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவர்கள் போன பாதையில் வேகமாக இறங்கினார்.