சிவப்புப் பொட்டு வச்ச ப்ளக்

பெரியப்பாவுக்கு இந்தக் கதை மேல பல வருஷமாவே நம்பிக்கை இல்ல, ஆதிரை. சொன்னது பிரமு அத்தை. அவ சொல்லும்போது நல்லாத்தான் இருக்கும். முடிச்சதும் எங்கேயோ ஒரு திருகு லூசா இருக்கிற மாதிரி தோணும். எது லூசுன்னு தேடித் தேடியே பெரியப்பாவுக்குத் தலை நரைச்சுப் போச்சு. சரி, போர்வையை இழுத்துக்கோ. நடுவுல ம் கொட்டணும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு சந்தேகக்காரர் இருந்தார். பேரு கோமதிநாயகம். பிரமு அத்தையோட வீட்டுக்காரர். வீட்டைப் பூட்டுவார், பூட்டை இழுத்துப் பாப்பார், தெருமுனை வரைக்கும் போவார், அப்புறம் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பாப்பார். அவர்கிட்ட ஒரு வெள்ளைக் கார் இருந்துச்சு. சமதரையில ரூம்ம்னு போகும். மேட்டைக் கண்டா டுப்பு... டுப்புன்னு இருமும்.

அத்தையோட தம்பி ஆவுடையப்பன் மெக்கானிக். பானட்டைத் தூக்கிப் பாத்தான். "ப்ளக் போயிட்டு அத்தான். நாலையும் மாத்தணும்."

"ப்ளக்னா என்ன பெரியப்பா?"

அந்த எஞ்சினுக்கு நாலு வயிறு. ஒவ்வொரு வயித்துக்குள்ளயும் பெட்ரோலைப் பத்தவைக்க ஒரு பொறி வேணும். அந்தப் பொறியை டிக் டிக்னு விட்டுக்கிட்டே இருக்கிறதுதான் ப்ளக். கீழ இரும்புத் திருகு, மேல வெள்ளைப் பீங்கான். உன் விரல் நீளம்தான் இருக்கும்.

இப்போ விஷயம் என்னன்னா, ஆவுடைக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு பேசியிருந்தாங்க. பொண்ணோட அப்பா ஒரே பேச்சா சொல்லிட்டார்: "பையனோட அத்தான் எல்லாரையும் சந்தேகப்படுறவராமே. அவர் நேர்ல வந்து நல்ல பையன்னு சொல்லட்டும், பொண்ணைத் தர்றேன்." அந்தக் கார்லதான் எல்லாரும் மலையேறிப் போகணும்.

"ம்."

ப்ளக்கை நானே வாங்குவேன்னு கோமதிநாயகம் கிளம்பிட்டார். ஆவுடை பழைய ப்ளக் ஒண்ணைக் கழட்டிக் குடுத்து, "பக்கத்துல வச்சு அளந்து வாங்குங்க அத்தான்"னான். 'இவன் எதுக்கு இவ்வளவு அக்கறையாச் சொல்லுதான்?'னு அவருக்கு அதுலயும் சந்தேகம். இருந்தாலும் அளந்தார். முதல் கடையில குடுத்த ப்ளக்கோட திருகு நீளம். அதை மாட்டினா உள்ள பிஸ்டன்ல போய் டொக்குனு இடிக்கும். ரெண்டாவது கடையில குட்டை. பொறி எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டாது. மூணாவது கடையிலதான் பழசும் புதுசும் ரெட்டைப் பிள்ளை மாதிரி நின்னுச்சு.

அப்புறம் என்ன பண்ணார் தெரியுமா? பழசையே கழுவி மாட்டிட்டுப் புதுசை ஆவுடை அமுக்கிட்டா என்ன பண்றதுன்னு, பிரமுவோட நெயில் பாலிஷை எடுத்து நாலு பீங்கான்லயும் சிவப்பா ஒரு பொட்டு வச்சார். அடுப்படி ஜன்னல்ல வரிசையாக் காயவச்சுட்டு வெளிய போயிட்டார்.

அப்போ ஒரு பூனை வந்துச்சு. மெத்து மெத்துன்னு நடந்துச்சு. முதல் ப்ளக்கைத் தாண்டுச்சு, ரெண்டாவதைத் தாண்டுச்சு, மூணாவதை வாலால ஒரு தட்டு! டிங்! டிணுக்! டிர்ர்ர்ர்ர்னு உருண்டு கேஸ் சிலிண்டருக்கு அடியில போயிடுச்சு. சாயங்காலம் கோமதிநாயகம் வந்தார். நாலு ப்ளக்கும் பட்டாளத்துக்காரங்க மாதிரி ஜன்னல்ல நின்னுச்சு. டப்பாவுல போட்டு ஆவுடைகிட்டக் குடுத்தார்.

மாட்டும்போது பக்கத்துலயே நின்னார். கண்ணைக்கூட இமைக்கல. ஆனா அந்த நேரம் பாத்து பிரமு கூப்பிட்டா. "காப்பி ஆறுது, வந்துட்டுப் போங்க!" அவர் திரும்பி வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சுட்டு. அந்த ஊர் வழக்கம், கழட்டின பழசைப் புது டப்பாவுலயே போட்டு வண்டிக்காரர் கையில குடுத்துடணும். ஆவுடையும் குடுத்தான். தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

மறுநாள் காலையில கிளம்பினாங்க. மலையடிவாரத்துல டீக்கடை. கார் நல்லாத்தான் ஓடுச்சு. நல்லா ஓடுறதே அவருக்குச் சந்தேகமாப் போச்சு. டப்பாவைத் திறந்தார். கருப்பு. கருப்பு. கருப்பு. நாலாவதுல, பளபளன்னு சிவப்புப் பொட்டு!

"ஏல ஆவுடை! புதுசை வெளிய வச்சுட்டுப் பழசை உள்ள மாட்டியிருக்கியா?"

"அத்தான், அதுல..."

"பேசாதே! வண்டி மலையில நிக்கணும், ரிப்பேருக்கு நான் உன்கிட்டயே வந்து நிக்கணும், அதானே? பொண்ணு வீட்டுல நான் வாயைத் திறக்க மாட்டேன்."

ஆவுடை முகம் சுண்டிப் போச்சு. பின்சீட்டுல பிரமு புடவை முந்தியை முறுக்கிக்கிட்டே இருந்தா. அப்போ ஆவுடை ஸ்பேனரை எடுத்து அவர் கையில குடுத்தான். "அதையே மாட்டிப் பாருங்க. நீங்களே மாட்டுங்க. முதல்ல எஞ்சின் ஆறட்டும்."

எஞ்சின் ஆறுற வரைக்கும் அவர் அவனை முறைச்சார். அப்புறம் பழசைக் கழட்டிட்டு, பொட்டு வச்சதை விரலாலயே கடைசி வரைக்கும் திருகி, ஸ்பேனரால ஒரு இறுக்கு இறுக்கினார். கிளம்பினாங்க. முதல் வளைவு, டுப்பு. ரெண்டாவது வளைவு, டுப்பு டுப்பு. மூணாவது வளைவு, டுப்பு டுப்பு டுப்... இழுக்கவே இல்ல.

"ம்?"

ஓரமா நிறுத்தினாங்க. ஆவுடை எஞ்சினை ஓடவிட்டு, திறந்த பானட் மேல ஜமுக்காளத்தைப் போட்டு மூடினான். உள்ள கும்மிருட்டு. ரெண்டு பேரும் தலையை விட்டுப் பாத்தா, பொறி உள்ள போகாம பீங்கானுக்கு வெளியவே நீலமா டிக் டிக் டிக்னு ஓடுது! முடி மாதிரி ஒரு விரிசல்.

"எங்கேயோ விழுந்திருக்கு அத்தான். அதான் பழசுல நல்லதா ஒண்ணைப் பாத்து மாட்டினேன்."

"அதை ஏன்ல அப்பவே சொல்லல? யாரு கீழ போட்டது?"

ஆவுடை ஒரு நிமிஷம் பின்சீட்டைப் பாத்தான். "தெரியல அத்தான்."

"பூனை!"ன்னா பிரமு. "ஜன்னல்ல பூனை நடந்துச்சு, நான் பாத்தேன். பூனையேதான்!"

மறுபடியும் எஞ்சின் ஆறினப்புறம் பழசையே மாட்டினாங்க. ரூம்ம்ம்! கார் மலை ஏறிடுச்சு. பொண்ணோட அப்பா கேட்டார், "பையன் எப்படி?"

கோமதிநாயகம் ஆவுடையை ஏற இறங்க ஒரு தடவை பாத்தார்.

"சந்தேகப்பட்டுப் பாத்துட்டேன். தைரியமாக் குடுங்க."

கல்யாணம் ஆச்சு, வெள்ளைக் கார் மலை இறங்கிடுச்சு, கதையும் இறங்கிடுச்சு. நீயும் மெதுவாத் தூக்கத்துக்குள்ள இறங்கு.

"பெரியப்பா... நல்ல கதைதானே? ஏன் நம்பல?"

நல்ல கதைதான் கண்ணு. அத்தையைப் பாக்கப் போனப்போ பெரியப்பா கடைசியா ஒரு வழியாக் கேட்டுட்டேன். "அத்தை, ப்ளக்கைத் தட்டிவிட்டது பூனை, சரி. சிலிண்டருக்கு அடியில இருந்து எடுத்து, துடைச்சு, திரும்ப ஜன்னல்ல வரிசையா நிக்கவச்சதும் அந்தப் பூனைதானா?"