‘அ’வுக்குள் இருந்த மூச்சு

“இது ஏன் துடிக்குது, சபீனா?”

சபீனாவின் பட்டறையில் நின்றபடி அமலம் கையிலிருந்த பையைத் திறந்தாள். உள்ளே, பழைய சேலையில் சுற்றி, ஒரு நியான் எழுத்து. ‘அ’.

சபீனாவால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் வாயில் ரப்பர் குழாய் இருந்தது. குழாயின் மறுமுனை ஒரு கண்ணாடிக் குழலில் மாட்டியிருந்தது. தீயில் இளகிய குழலை வெளியே எடுத்தாள். வளைத்தாள். வளைவு நசுங்கிவிடாமல் மெல்ல ஊதினாள்.

பிறகு கையால் காட்டினாள்: உட்காருங்க.

அமலம் உட்காரவில்லை.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அமலத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. பெயர் ‘அலை மெஸ்’. கூரைமேல் சிவப்பு நியானில் அந்தப் பெயர். அதை வளைத்துக் கொடுத்தவள் சபீனாதான்.

குழாய் வாயிலிருந்து இறங்கியதும் அமலம் சொன்னாள்:

“கடைக்கு வாரவனுவ ‘லை மெஸ்’னு கேலி பேசுதானுவ. அது போவட்டும். நேத்து இது மொத்தமா அணைஞ்சிட்டு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வந்துச்சு. அதுவரைக்கும் என் உசிரு எங்கிட்ட இல்ல.”

“டிரான்ஸ்பார்மர் பாத்தியளா, அக்கா?”

“புதுசு மாத்தியாச்சு. வயரும் மாத்தியாச்சு. மத்த எழுத்தெல்லாம் நின்னு எரியுது. இது மட்டுந்தான்.”

சபீனா எழுத்தை வாங்கி மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தாள். ‘அ’ எரிந்தது. சிவப்பு வெளுத்து, ஓரங்களில் ஊதா ஏறியிருந்தது. ஒளி நடுங்கியது. ஒரு பக்கம் அணைந்தது, ஊர்ந்து வந்து மறுபடி பற்றிக்கொண்டது.



சபீனா சுவிட்சை அணைத்தாள். லென்ஸை எடுத்து எழுத்தின் முனையைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் கம்பி நுழையும் இடத்தில், தலைமுடி மாதிரி ஒரு கீறல்.

“கேஸ் தீந்துபோச்சா?” என்றாள் அமலம்.

“அது அப்படித் தீராது. மூடுன கண்ணாடிக்குள்ள அது பாட்டுக்குக் கிடக்கும்.”

“பின்ன?”

“கீறல் வழியா வெளிக்காத்து உள்ள போயிட்டு. அதான் துடிக்குது.”

“அப்ப கீறலை அடைச்சிரு.”

“அடைச்சாப் பத்தாது. முனையை அறுக்கணும். உள்ள இருக்கது எல்லாத்தையும் உறிஞ்சி எடுத்துட்டு, புது கேஸ் அடைக்கணும்.”

அமலம் எழுத்தை வெடுக்கென்று எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“முடியாது.”

“ஏன்க்கா?”

“இதுல அவுக மூச்சு இருக்கு.”

சபீனாவுக்கு அந்த நாள் நினைவிருந்தது.

கஸ்பார், அமலத்தின் கணவர், தோணித் தண்டல். மாலத்தீவுக்குக் காய்கறியும் செங்கல்லும் ஏற்றிப்போகும் தோணிக்கு அவர்தான் தலைவர். மனைவியின் கடைக்குப் பெயர்ப்பலகை செய்யச் சொல்ல வந்தவர், பட்டறையை விட்டுப் போகவே இல்லை. கண்ணாடி வளைவதைக் கண் கொட்டாமல் பார்த்தார். கடைசியில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“ஒரே ஒரு எழுத்து நான் ஊதுதேன், தாயி. நீ சொல்லு, எப்ப ஊதணும்னு.”

சபீனா ‘அ’வை வளைத்தாள். அவர் ஊதினார். கன்னம் ரெண்டும் பேத்தை மீன் மாதிரி உப்பியது. வாசலில் நின்ற அமலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்கு அடுத்த பயணத்தில் தோணி திரும்பவில்லை. பலகைகள் சில கரை ஒதுங்கின. ஆள் யாரும் ஒதுங்கவில்லை. கூடப் போனவர்களின் வீடுகளில் அழுது, பூசை வைத்து, கல்லறையில் பெயர் பொறித்தார்கள். அமலம் மட்டும் செய்யவில்லை. பங்குச் சாமியார் வந்து கேட்டபோது கூரையைக் காட்டினாள்.

“அவுக எரியுதாவல்லா, சாமி” என்றாள்.

இப்போது அவள் சபீனாவிடம் சொன்னாள்:

“கடையை மூடுன பொறவு மாடிக்குப் போவேன். இதுக்குப் பக்கத்துல நிப்பேன். மூஞ்சியக் கிட்ட வச்சா லேசா ஒரு சூடு. முதல்ல துடிக்க ஆரம்பிச்சப்ப நான் பயப்படல, சபீனா. சந்தோசப்பட்டேன். அவுக என்னமோ சொல்ல வாராவன்னு நெனச்சேன். என்னன்னு கேட்டுக் கேட்டுப் பாத்தேன். நேத்து அணைஞ்ச பொறவுதான்…”

அமலம் முந்தானையால் எழுத்தைத் துடைத்தாள்.

சபீனா ரப்பர் குழாயின் வாய்ப்பகுதியைக் கழற்றி வேறொன்று மாட்டினாள். அதை அமலத்திடம் நீட்டினாள்.

“ஊதுங்க.”

“நானா?”

“நான் தலையாட்டும்போது. மெதுவா.”

அமலம் ‘அ’வை மேசையில் வைத்தாள். இப்போது உட்கார்ந்தாள்.

சபீனா ஒரு துண்டுக் குழலைத் தீயில் காட்டினாள். கண்ணாடி சிவந்து தளர்ந்தது. வெளியே எடுத்து வளைத்தாள். தலையாட்டினாள். அமலம் ஊதினாள். ஒடுங்கப் பார்த்த வளைவு உப்பி, உருண்டு, அப்படியே நின்றது.

அமலத்துக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. உடனே கண்ணும் கலங்கியது.

“இப்படித்தான் இருந்திருக்கும், என்ன? அவுகளுக்கும்.”

சபீனா குழலின் ரெண்டு முனையிலும் கம்பி வைத்து ஒட்டினாள். காற்றை உறிஞ்சும் பம்ப்போடு இணைத்தாள். பம்ப் தடதடவென்று ஓடியது. பிறகு பெரிய மின்சாரத்தைச் செலுத்தினாள். சூடு பார்க்கக் குழல்மேல் வைத்திருந்த காகிதத் துண்டு பழுப்பாகிக் கருகியது.

“ஏன் இப்படிச் சுடுத?”

“கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருக்கதும் வரணும்.”

“என்ன வரணும்?”

“எல்லாம்.”

வெகுநேரம் பம்ப் ஓடியது. குழல் ஆறியது. ஒரு சின்னத் திருகைத் திறந்து, கொஞ்சமே கொஞ்சம் நியானை உள்ளே விட்டு மூடினாள். மின்சாரம் கொடுத்தாள்.

சிவப்பு. அசையாத சிவப்பு.

அமலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஊதுனது இதுல எங்க இருக்கு?”

சபீனா பம்ப்பைக் காட்டினாள். அங்கிருந்து சுவரைத் துளைத்து வெளியே போகும் குழாயைக் காட்டினாள்.

“முழுசுமா?”

“முழுசும். கொஞ்சம் நின்னாலும் துடிக்கும்.”

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு துறைமுகம் பக்கம் போனது. அமலம் மேசையில் கிடந்த ‘அ’வைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவுக ஊதுனது?”

“அன்னைக்கே போயிட்டு, அக்கா.”

“உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“எங்கிட்டச் சொல்லல.”

“எப்படிச் சொல்ல?”

அமலம் எழுந்தாள். முக்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“அப்ப இத்தன வருசமும் வெறுங் கண்ணாடிகிட்டயா பேசிக்கிட்டு இருந்தேன்? வெறுங் கண்ணாடிக்கா காவல் இருந்தேன்? சொல்லு!”

சபீனா இன்னொரு துண்டுக் குழலை எடுத்துத் தீயில் காட்டினாள். சிவந்ததும் வளைத்தாள். இந்த முறை ரப்பர் குழாய் மாட்டவில்லை. யாரும் ஊதவில்லை.

வளைந்த இடம் அப்படியே நசுங்கி, உள்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

ஆறியதும் அதை அமலத்தின் முன்னால் வைத்தாள்.

அமலம் அதை எடுத்தாள். நசுங்கிய இடத்தை விரலால் தொட்டாள். கீழே வைத்தாள்.

பிறகு ‘அ’வின் மேல் விரலை வைத்தாள். சுழியில் தொடங்கி, வயிற்று வளைவில் இறங்கி, மேலேறி, விரல் மெதுவாகப் போனது. எங்கும் ஒரு பள்ளம் இல்லை. எங்கும் ஒடுங்கவில்லை. முடிந்த இடத்திலிருந்து மறுபடி திரும்பி வந்தது.

“இந்த உருட்சி அவுக ஊதுனதா?”

“ஆமா.”

“இதுல கை வைப்பியா?”

“இல்ல. முனை மட்டுந்தான்.”

அமலம் எழுத்தைச் சபீனாவின் பக்கம் நகர்த்தினாள். அசையாமல் இருக்க ரெண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“அறு” என்றாள்.