சண்டை கேட்காத புற்று

வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றங்கரைக் காட்டில் வளைகளுக்குப் பஞ்சம் வந்தது. விலங்குகள் ஒரே வளைக்குள் மண்சுவர் எழுப்பிப் பல வீடுகளாகப் பிரித்துக்கொண்டன. எலிக்கு ஒரு வீடு, முயலுக்கு ஒரு வீடு. வெளிவாசல் மட்டும் ஒன்றுதான்.

இதைப் பார்த்த ஒரு நரி வியாபாரத்தில் இறங்கியது. தன் கூட்டாளி முள்ளம்பன்றி உதிர்க்கும் முட்களைப் பாம்பு வராமல் தடுக்கும் வேலி என்று விற்றது. பதிலுக்குக் கிழங்கும் முட்டையும் கிடைத்தன.

நரி எல்லா வளைக்கும் போகாது. தரையில் காதை வைத்துக் கேட்கும். ஒற்றைக் குரல் என்றால் நகர்ந்துவிடும். பல குரல் கேட்டால்தான் நிற்கும்.

"ஏன் அண்ணே, தனியாக இருப்பவனுக்கும் பாம்பு பயம்..." என்று முள்ளம்பன்றி ஆரம்பித்தது.

"அட, சும்மா இரு!" என்று நரி குறுக்கே பாய்ந்தது. "ஒரே வாசலை நம்பிப் பல குடும்பம் இருந்தால் பயமும் பல மடங்கு! அவர்கள்தான் நம் ஆட்கள்!"

நரி அப்படித்தான். யாரையும் பேசி முடிக்க விடாது.

ஒருநாள் உச்சிவெயிலில் காட்டின் கோடியில் இரண்டும் ஒரு பெரிய புற்றைக் கண்டன. அங்கே ஒரு பறவையும் கத்தவில்லை. நரி காதை வைத்தது.

"எலி, முயல், கௌதாரி, அணில்... எத்தனை குரல்! பெரிய இடம்டா தம்பி!"

"எனக்கு முள் வேண்டும்" என்றது எலிக் குரல். பிறகு ஒரு நீண்ட மூச்சு. "எனக்கும்" என்றது முயல் குரல். மறுபடி அதே மூச்சு. "உள்ளே வந்து எங்கள் வாசல்களை அளந்துகொள்ளுங்கள்" என்றது கௌதாரிக் குரல்.

முள்ளம்பன்றிக்கு உடல் சிலிர்த்தது. "அண்ணே, இத்தனை பேர் இருக்கும் வீட்டில் ஒரு சண்டை இல்லை. ஒருவர் பேசும்போது இன்னொருவர்..."

"மரியாதை தெரிந்தவர்கள்! உன்னைப் போலத் தொணதொணக்கவில்லை!" என்று சிரித்தபடி நரி உள்ளே நுழைந்தது.

சத்தமே இல்லை. மண் மட்டும் லேசாக அசைந்தது. பிறகு அந்த நீண்ட மூச்சு.

"தம்பி, எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள்! நீயும் வா!" என்றது நரியின் குரல்.

முள்ளம்பன்றி வாசலிலேயே நின்றது. "அண்ணே, நீங்கள் வெளியே வாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களை இன்னும் கொஞ்சம் உரக்கத் தடுத்திருக்கலாமோ என்று தோன்றுகிறது..." என்று நெடுநேரம் பேசியது.

புற்று கடைசி வார்த்தைவரை பொறுமையாகக் கேட்டது. ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.

முள்ளம்பன்றிக்குப் புரிந்துவிட்டது. அது திரும்பிப் பார்க்காமல் ஓடியது. புற்றுக்குள் ஒரு மலைப்பாம்பு, விழுங்கிய எல்லோரின் குரலோடும், தனியாகச் சுருண்டு படுத்தது.

எத்தனை குரல் கேட்கிறது என்பதை மட்டும் பார்த்து, அவற்றின் பின்னால் எத்தனை உயிர் இருக்கிறது என்று பார்க்காதவன், கடைசியில் தானும் அங்கே வெறும் குரலாகிப் போவான்.