மணிக்கட்டில் எழுதிய நேரம்

மலைமேல் இருந்த அந்தச் சுகாதார நிலையத்தில் டாக்டர் இளம்பரிதிக்கும் நர்ஸ் சகாயமேரிக்கும் ஒரே வயது, நாற்பத்தைந்து. ஆனால் டாக்டர் வந்து மூன்று மாதம். சிஸ்டர் வந்து பதினெட்டு வருடம். "புத்தகத்தைப் படிச்சவன் நான். மலையைப் படிச்சவங்க நீங்க. அதனால நான்தான் சிஷ்யன்" என்பார் டாக்டர். சிஸ்டர் சிரிக்கமாட்டார்.

ஒருநாள் காலை, ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு சடைச்சி வந்து சேர்ந்தாள். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரம். ஆம்புலன்ஸ் கதவைத் திறந்துகொண்டு நின்றது.

சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் நுரையீரலை முன்கூட்டியே பக்குவப்படுத்தும் மருந்து. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை போட வேண்டும்.

"அதைக் கீழே போட்டுக்குவாங்க சிஸ்டர். முதல்ல வண்டியில ஏத்துங்க."

"ஏத்தலாம் சார்."

"நாலுல ஒண்ணைப் போட்டு என்ன ஆகிடப்போகுது?"

"மூணுதான் பாக்கி இருக்கும்."

டிரைவர் ஹாரனை அழுத்தினார். "சிஸ்டர், பிரசவத்தை என் வண்டியில வெச்சிடாதீங்க!"

"வண்டியைக் கழுவித்தானே வெச்சிருக்கே? பேசாம இரு."

ஊசி போட்டு முடித்ததும் பேனாவை எடுத்து, சடைச்சியின் மணிக்கட்டில் அழுத்தி எழுதினார்: பன்னிரண்டாம் தேதி, 10.40.

"சீட்டுலதான் எழுதியாச்சே?"

"சீட்டு தொலையும் சார். கை தொலையாது."

வண்டி வளைவில் மறைந்தது. டாக்டருக்கு மனசு கேட்கவில்லை.

"பிள்ளை பிழைச்சா பேரு கீழே இருக்கிறவங்களுக்கு. இங்கே போட்ட ஒத்தை ஊசியை யாரு நினைச்சுப் பார்க்கப் போறா?"

சிஸ்டர் கையுறையைக் கழற்றினார்.

ஆறு வாரம் கழித்து சடைச்சி பிள்ளையோடு வந்தாள். பின்னால் புருஷன் வெள்ளையன், கையில் மஞ்சள் தடவிய ஜாதகம்.

"சந்தை ஜோசியர் எழுதினது. சிஸ்டர் கையால தொட்டுக் குடுக்கணும்."

டாக்டர் வாங்கி, ஆஸ்பத்திரிச் சீட்டோடு வைத்துப் பார்த்தார். சீட்டில், பிறந்தது பதினான்காம் தேதி அதிகாலை 1.15. நான்காவது ஊசி உள்ளே போய் மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ஜாதகத்தில், பன்னிரண்டாம் தேதி 10.40.

"என்னய்யா, பொறக்கிறதுக்கு முன்னாடியே ஜாதகமா?"

"அவ கையில எழுதியிருந்திச்சே சார்?"

"அது ஊசி போட்ட நேரம்யா!"

"தலைபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டாத்தானே" என்றாள் சடைச்சி.

வெள்ளையன் முகம் தொங்கிப்போனது. "அப்ப தப்பா சிஸ்டர்?"

அந்நேரம் பிள்ளை வீறிட்டது. அறை மொத்தமும் அந்தச் சத்தம்தான். சிஸ்டர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். சமாதானப்படுத்தவில்லை. அது மூச்சு முட்ட அழுது, மறுபடி மூச்சை இழுத்து, மறுபடி அழும்வரை நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு டாக்டர் கையிலிருந்த ஜாதகத்தை எடுத்து மடித்தார்.

"ஜோசியர்கிட்ட சரியான நேரத்தைச் சொல்லி வேற எழுதிக்க வெள்ளையா. இதை இங்கேயே விட்டுட்டுப் போ. இது எங்களுது."